பூனைக்கு முடி முளைச்ச பிறகும்

எங்க வீட்டுப் பூனையோட எடது காதுக்குப் பின்னால, ஒத்த ரூவாத் துட்டு அகலத்துக்கு முடி கொட்டி வட்டமா ஒரு தடம் விழுந்திருந்துச்சு. அத மொதல்ல கண்டது நானும் இல்ல, எம்பொண்டாட்டியும் இல்ல. சம்பந்தியம்மாதான் கண்டாக. அவுக கண்டதுலதான் அம்புட்டும் ஆரம்பிச்சது.

ரெண்டாயிரம் பொறந்து நாலஞ்சு வருசம் ஆயிருக்கும். எந்த வருசம்னு சரியாச் சொல்ல மாட்டேன். சிவகாசியில ஒரு காலண்டர் கம்பெனியில அட்டைக்குத் தகரம் அடிக்கிற வேலை எனக்கு. அட்டையோட தலையில தகரப்பட்டைய வச்சு மிசினை ஒரு அமுக்கு அமுக்குனா கவ்விக்கிடும். ஆயுசு பூரா அந்த வேலைதான். ஆனா இப்ப என்ன வருசம்னு யாராவது கேட்டா முழிப்பேன். எங்க கையில இருக்கிறது எப்பவுமே அடுத்த வருசத்துக் காலண்டர். நடப்பு வருசம் அதுக்கு முந்துன வருசமே கையவிட்டுப் போயிருக்கும். படிப்பும் ரெண்டாப்போட நின்னு போச்சு, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதனால வருசத்த விடுங்க. எம்மகளுக்கு அப்ப அஞ்சு மாசம். தலப்பிரசவம். அது ஒண்ணுதான் எனக்குக் கணக்கு.

எங்களுக்கு ஒரே மக. மதுரைக்கு அந்தப் பக்கம் கட்டிக் குடுத்திருந்தோம். மாப்பிள்ளை சவுதியில. புள்ள மாமியா வீட்டுல இருந்துச்சு. எங்க பக்கத்து வழக்கம், ஏழாம் மாசம் பலகாரம் எடுத்துக்கிட்டுப் போயி புள்ளைய வீட்டுக்கு அழைச்சிட்டு வந்துருவோம். பிரசவம் தாய் வீட்டுல. பெத்து, நாப்பது நாளு முடிஞ்சு, பெறகுதான் அனுப்புறது. ஆகமொத்தம் நாலு மாசம் புள்ள நம்ம வீட்டுல கெடக்கும். கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்கு மூணு நாள் வந்தவதான், அதுக்குப் பெறகு ஒரு ராத்திரி தங்கல. பிரசவம் ஆனதும் மாப்பிள்ளை விசா எடுத்துக் கூட்டிட்டுப் போறதாப் பேச்சு. அப்ப, எம்மக எங்கூட இருக்கப் போறது இந்த நாலு மாசந்தான். அதுக்கு மேல எனக்கு வாய்க்காதுன்னு எனக்கே தெரியும்.

சம்பந்தியம்மா சும்மா பாத்துட்டுப் போக வந்தாக. எம்பொண்டாட்டி டீயக் கொண்டாந்து நீட்டுனா. அவுக டம்ளர வாங்கல, கையப் புடிச்சிக்கிட்டாக.

“இதென்ன மதினி, கையில?”

“அடுப்புல சுட்டுக்கிட்டேன் மதினி.”

“அடுப்பு என்ன வட்டம் போட்டா சுடும்? ஓரம் பூரா செவந்து, நடுவுல வெளுத்துக் கெடக்கு. அந்தா படுத்திருக்கே உங்க பூனை, அது காதுலயும் இதே வட்டந்தான். வந்ததுலருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்.”

எம்பொண்டாட்டி தலையக் குனிஞ்சுக்கிட்டா. ஒரு வாரமா முந்தானையால மூடி வச்சிருந்திருக்கா. எனக்கே காட்டல. காட்டுனா நான் பூனை மேல பழியப் போட்டு அதச் சாக்குல கட்டிருவேன்னு பயம். எங்க ஊருல வேண்டாத பூனைய அப்பிடித்தான் செய்வாக. சாக்குல கட்டி, பட்டாசு ஆபீஸ் வேன்ல தெரிஞ்ச டிரைவர் கையில குடுத்து, வெம்பக்கோட்டை அணைக்கட்டுக் கரையில விட்டுட்டு வரச் சொல்றது. நானே முந்தி ஒரு கடுவன் பூனைய அப்பிடி அனுப்புனவன். அது அவளுக்கு மறக்கல.

சம்பந்தியம்மா எங்கிட்டத் திரும்புனாக. நல்ல மனுசி, அதையும் சொல்லணும். சத்தம் போடல.

“கொறையாச் சொல்றேன்னு நெனைக்காதீக. என் மருமக வாயும் வயிறுமா இருக்கா. ஏழாம் மாசம் வந்து கூட்டிட்டுப் போங்க, நான் தடுக்கல. அதுக்குள்ள இந்தத் தோல் படை இந்த வீட்ட விட்டுப் போயிருக்கணும். நான் வந்து சோதிச்செல்லாம் பாக்க மாட்டேன். போயிருச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

அந்த ஒரு வார்த்தைதான் பெறகு என்னையப் போட்டுப் புடுங்குச்சு.

அந்தப் பூனை எம்மகளோட பூனை. அவ ஒம்பதாப்புப் படிக்கும்போது, எங்க கம்பெனியில கட்டிங் வேஸ்ட்டு மூடைக்குள்ள ஒரு தாய்ப்பூனை குட்டி போட்டுருச்சு. மூடைய லாரியில ஏத்துற அன்னிக்குத் தாயி ஓடிப் போச்சு. கண்ணு தெறக்காத ஒரே ஒரு குட்டி மிச்சம். வெள்ளை மேல செவலைத் திட்டு. நான் அத மத்தியானச் சாப்பாட்டுக் கூடையில போட்டுக் கொண்டாந்தேன். எம்மக கூடையத் தெறந்து பாத்து, “அத்தா, மீன் கொழம்பு ஊத்திக் குடுத்தா பூனையாக் கொண்டாறீக?”ன்னு கேட்டா. பஞ்சுத் திரியில பாலைத் தொட்டுத் தொட்டு ஊட்டி அவதான் வளத்தா. அவ பரீட்சைக்குப் படிச்சா புத்தகத்து மேல படுத்துக்கிடும். கல்யாணத்தன்னிக்கு காருல ஏறும்போது என் கழுத்தக் கட்டி அழுதா. அழுதுக்கிட்டே என் காதுல சொன்னது, “அத்தா, அதுக்கு முள்ளெடுத்துக் குடுங்க, அம்மா அவசரத்துல முள்ளோட போட்டுரும்”. எம்மக எங்கிட்டச் சொல்லிட்டுப் போன சொல்லு அது.

சம்பந்தியம்மா ஊருக்குப் போயி மருமககிட்ட விசயத்தச் சொல்லிருக்காக போல. வெள்ளிக்கெழமை ஜும்மா தொழுகை முடிஞ்சு தெரு முக்குக் கடைக்குப் போனேன். எங்க கைக்கெல்லாம் செல்போன் வராத காலம், அந்தக் கடைக்குத்தான் புள்ள போன் போடும்.

“அத்தா, பூனைய வெம்பக்கோட்டைக்கு அனுப்பிட்டீகளா?”

“இல்ல தாயி.”

“அனுப்பிராதீக. நான் வரும்போது அது வாசல்ல இருக்கணும். எப்பிடியாச்சும் சரி பண்ணிருங்க அத்தா.”

சரின்னுட்டேன். எப்பிடின்னு ஒண்ணும் தெரியாது.

எங்க வளவுல ஒரே வாசலுக்குள்ள எதிரும் புதிருமா ஆறு வீடு. எதுத்த வீட்டு அம்மாவும் அது வீட்டுக்காரரும் பட்டாசு ஆபீஸுல வெடி செய்யப் போறவுக. காலையில வேன் வந்து ஏத்திட்டுப் போகும். நான் கவலையோட உக்காந்திருக்கத அந்தம்மா பாத்துச்சு.

“என்ன பாய், ஒரு படைக்கா இந்தப் பாடு? எங்க ஆபீஸ்ல மருந்து கலக்குற ஆளுகளுக்குச் சொறி செரங்கு வந்து பாத்திருக்கீகளா? எல்லாம் கந்தகம் பாய், கந்தகம். தேங்கா எண்ணெயில கொளப்பித் தடவுங்க. மூணாம் நாளு இருந்த எடம் தெரியாது.”

இது எங்க பக்கத்துல எல்லாரும் செய்யிறதுதான். நானும் சின்ன வயசுல கந்தகம் பூசிக்கிட்டவன்தான். அதனால யோசிக்கவே இல்ல. வெளிய கொண்டாரக் கூடாதுன்னு சட்டம் இருந்தும், அவுக வீட்டுக்காரரு ஒரு பொட்டலம் மடிச்சுக் கொண்டாந்து குடுத்தாரு. மஞ்சளா இருந்துச்சு. நடுநடுவுல மினுமினுன்னு சாம்பல் நெறத்துல என்னமோ கலந்தும் இருந்துச்சு. கம்பி மத்தாப்புக்குப் போடுற அலுமினியப் பொடி. அத நான் கவனிச்சேன். கவனிச்சும், இம்புட்டூண்டு என்ன செய்யப் போவுதுன்னு கொளப்பிட்டேன்.

தடவுனதும் பூனை காது வெயில்ல ஜொலிச்சது. வளவே வேடிக்கை பாத்துச்சு. எதுத்த வீட்டுக்காரரு, “பாய், அடுப்பாங்கரைப் பக்கம் விட்டுறாதீக. உங்க பூனை கெளம்புனா தீவாளிக்கு முந்தியே கேஸ் போட்டுருவாக”ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். எம்பொண்டாட்டியும் தன் கையில கொஞ்சம் தடவிக்கிட்டா.

பூனை சிரிக்கல. அது நக்க ஆரம்பிச்சது. காதுக்குப் பின்னால நாக்கு எட்டாது, ஆனா காலால தேய்க்கும், அந்தக் கால நக்கும். சாயந்தரத்துக்குள்ள வாயில நொரை தள்ளிருச்சு. வாந்தி எடுத்துச்சு. மறுநா மீன் தலைய மூக்குக்கிட்ட வச்சும் மொகத்தத் திருப்பிக்கிருச்சு. எம்பொண்டாட்டி கையும் கொப்புளிச்சுப் போச்சு. அவ அதப் பத்திப் பேசல. பூனைய மடியில போட்டுக்கிட்டு, “புள்ள கேட்டா நான் என்னத்தச் சொல்வேன், என்னத்தச் சொல்வேன்”னுக்கிட்டே இருந்தா.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனேன். அங்கன இருந்தவரு வாந்திக்கு ஊசியப் போட்டுட்டு, “முடிய எடுத்துப் பாக்கணும்ணே, அதுக்கு விருதுநகருக்குப் போங்க”ன்னாரு. ஒரு நாக் கழிச்சு, பூனை கொஞ்சம் தலை தூக்குனதும், ஓலைக்கூடையில வச்சு மூடி பஸ் ஏறுனேன். கண்டக்டரு கூடைய ஒரு தட்டு தட்டி, “கோழியா பாய்?”ன்னாரு. உள்ளேயிருந்து அது ஒரு சத்தம் குடுத்துச்சு. “அடடே, ஆளு வேறயா. அப்ப ஜன்னலோரமா உக்காருங்க, வாந்தி எடுத்திரப் போவுது”ன்னாரு. அவருக்கு எப்பிடித் தெரிஞ்சதோ.

விருதுநகர் மாட்டாஸ்பத்திரியில மாடும் ஆடுமா நிக்குது. எனக்கு முன்னால ஆட்டைப் புடிச்சிக்கிட்டு நின்ன ஒரு கெழவி, கூடைக்குள்ள எட்டிப் பாத்துட்டு, “இது பாலு கறக்குமா, குட்டி விக்குமா? இதுக்குமா ஆசுபத்திரி?”ன்னுச்சு. கூடைய மூடிக்கிட்டேன். எம்மக ஏழாம் மாசம் வீட்டுக்கு வர்றது இந்தக் கூடைக்குள்ள இருக்குன்னு அதுகிட்ட எப்பிடிச் சொல்றது?

டாக்டரு ஒரு பொம்பளப்புள்ள. எம்மகளவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். காது முடிய இடுக்கியால புடுங்கி, கண்ணாடித் துண்டுல வச்சு, ஒரு சொட்டு விட்டு, கருவியில கண்ண வச்சுப் பாத்துச்சு. “படர்தாமரை”ன்னுச்சு. நான் கந்தகக் கதையச் சொன்னேன். அந்தப் புள்ளைக்குக் கோவம் வந்துருச்சு.

“கந்தகத்துல மருந்து இருக்குங்கய்யா, இல்லங்கல. அதுக்குன்னு காய்ச்சிச் செஞ்ச தண்ணி மருந்து, அளவா கலக்கணும். நீங்க வெடிக்குப் போடுறத அள்ளி அப்பியிருக்கீங்க. நாக்கால தன்னையே குளிப்பாட்டுற ஜீவன் இது. மேல பூசுறதெல்லாம் வயித்துக்குள்ள போகும்.”

தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டேன். அப்பறம் எம்மக கதையச் சொன்னேன். அதக் கேட்டதும் டாக்டரம்மா குரலு எறங்கிருச்சு. நாற்காலிய இழுத்துப் போட்டு உக்கார வச்சு, பொறுமையாச் சொல்லுச்சு. இது உசுரெடுக்குற நோய் இல்ல. ஆனா ஒட்டும். மாசமா இருக்கவுக இதுக்கு மாத்திரை திங்கக் கூடாது, பொறந்த பச்சமண்ணுக்கு ஒட்டுனா பாவம். நோய் பூனை மேல மட்டும் இல்ல, அது உதுத்த முடியில இருக்கு, அது படுத்த சாக்குல இருக்கு. “பூனையக் கொண்டு போயி எங்கயாவது விட்டாலும் சாக்கு உங்க வீட்டுலதான கெடக்கும்? ஒரு வருசத்துக்கு மேலயும் அதுல உசுரோட இருக்கும்யா”ன்னுச்சு. வெம்பக்கோட்டை நெனப்பு உள்ளுக்குள்ள ஒரு மூலையில எனக்கு இருக்கத்தான் செஞ்சது. அன்னியோட அது போச்சு.

பெறகு பாடு ஆரம்பிச்சது. தடத்தச் சுத்தி முடிய ஒட்டக் கத்திரிச்சு, காலையும் சாயந்தரமும் களிம்பு போடணும். கறிக்கடையில ஒரு துண்டு கொழுப்பு வாங்கி, அதுக்குள்ள மாத்திரைய வச்சுக் குடுக்கணும், கொழுப்போட போனாத்தான் ஒடம்புல சேருமாம். மருந்துத் தண்ணியில வாரம் ரெண்டு தடவ குளிப்பாட்டணும். அது எங்கள குளிப்பாட்டுச்சுன்னு வச்சுக்கோங்க. பூனைய ஒரு ரூம்ல தனியா வைக்கணும். அங்கதான் சிக்கல். எங்க வீட்டுல முன்னால திண்ணை மாதிரி ஒரு பத்தி, பின்னால அடுப்படி, நடுவுல ஒரே ஒரு ரூம். அது மகளுக்குன்னு வச்சிருந்த ரூம்.

“புள்ள பெத்துப் படுக்கிற எடத்துல சீக்குப் பூனைய அடைக்கிறதாக்கும்?”ன்னா எம்பொண்டாட்டி.

“வேற எங்க அடைக்க, ஓம் மடியிலயா?”

“என் மடியில அடைச்சுத்தான் இந்தக் கதி”ன்னு கையக் காட்டுனா. அவளுக்கும் ஒரு களிம்பு எழுதி வாங்கியிருந்தேன். ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம்.

அந்த ரூம்ல கெடந்த சாக்கு, பழைய சேலை, நான் கம்பெனியில இருந்து மூடை மூடையாக் கொண்டாந்து அதுக்கு மெத்தை போட்ட பேப்பர் துண்டு எல்லாத்தையும் அள்ளி ஊருக்கு வெளிய குழி தோண்டிப் பொதச்சேன். எரிச்சிருங்கன்னுதான் டாக்டரம்மா சொல்லுச்சு. எங்க பட்டாசு ஊருல யாரு கண்ட எடத்துல தீ வைப்பா? விளக்குமாத்தால கூட்டக் கூடாது, முடி பறக்கும். ஈரத்துணியால ஒத்தி ஒத்தி எடுக்கணும். பிளீச்சிங் பவுடர் கரைச்சுத் தரைய ரெண்டு நாளைக்கு ஒருக்கத் தொடைக்கணும். அப்ப எங்களுக்கு சீசன், ஓவர்டைம் ஓடுது. விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வந்து அந்த ரூமுக்குள்ள மண்டி போட்டுத் தொடைப்பேன். தொடைக்கும்போது, கட்டில இந்தப் பக்கம் போட்டா சன்னல் காத்து வரும், தொட்டிலுக்குக் கொக்கி உத்தரத்துல உறுதியா இருக்கான்னு மனசு அதுலயே ஓடும். பூனை மூலையில உக்காந்து பாக்கும். “கொஞ்ச நாளுதான், பொறு, ஒன் ஆளு வருது”ன்னு அதுகிட்டச் சொல்வேன். எனக்கு நானே சொல்லிக்கிட்டதுதான்.

களிம்ப அது காலால வழிச்சு நக்கிருதுன்னு, கழுத்தச் சுத்திப் புனல் மாதிரி ஒண்ணு மாட்டச் சொன்னாக. ஆஸ்பத்திரியில அது இல்ல. காலண்டர் கம்பெனிக்காரனுக்கு அட்டைக்கா பஞ்சம்? ரிஜெக்ட் ஆன அட்டை ஒண்ணக் கொண்டாந்து வட்டமா வெட்டுனேன். எம்பொண்டாட்டி பாத்துட்டுப் பதறிட்டா. “லட்சுமி படத்தப் போயி பூனைக் கழுத்துல மாட்டுவீகளா? எதுத்த வீட்டம்மா பாத்தா மனசு என்ன பாடுபடும்? எடுத்துட்டுப் போங்க.” வாஸ்தவம். மறுநா கம்பெனியில ரிஜெக்ட் கட்டுகளப் பொரட்டுறேன். முருகன் இருக்காரு, மாதா இருக்காக, மக்கா படம் இருக்கு, சிரிக்கிற கொழந்தை இருக்கு. எதத் தொட்டாலும் ஒருத்தருக்கு மனசு நோகும். தேடித் தேடிக் கடைசியில ஒரு அருவிப் படம் கெடச்சது. அத மாட்டிக்கிட்டுப் பூனை சன்னல்ல உக்காந்திருக்கும். வேனுக்கு நிக்கிற பொம்பளைக எல்லாம், “குத்தாலத்துல தண்ணி விழுகுதா பாய்?”னு கேட்டுட்டுப் போவாக.

ஒரு மாசத்துல காதுல பூனை மசுரு கெளம்புச்சு. மொதல்ல மெல்லிசா, பெறகு வெள்ளையா, நல்லா அடர்த்தியா. எம்பொண்டாட்டி கையும் சுத்தமா ஆறிருச்சு. தடவிப் பாத்தா எந்தக் காதுல தடம் இருந்துச்சுன்னே தெரியல. எங்களுக்குச் சந்தோசம் தாங்கல. போன்ல மககிட்டச் சொன்னேன். “கெட்டிக்காரரு அத்தா நீங்க”ன்னா. எம்மக என்னையக் கெட்டிக்காரன்னு சொன்னது அதுதான் மொதத்தடவ.

டாக்டரம்மாட்டக் காட்டி நல்ல வார்த்தை வாங்கிரலாம்னு கூடையத் தூக்கிட்டுப் போனேன். அது காதத் தடவிப் பாத்துட்டு, “வெளிய போயி புதுசா ஒரு பல்லு வெளக்குற பிரஷ் வாங்கிட்டு வாங்கய்யா”ன்னுச்சு. பூனைக்குப் பல்லும் வெளக்கணுமாக்கும்னு வாங்கியாந்தேன். பல்லுல வைக்கல. அந்த பிரஷால பூனை ஒடம்பு பூரா வாரி, அதுல சிக்குன முடியோட பைக்குள்ள போட்டு ஒட்டுச்சு. வெளியூருக்கு அனுப்பி, அதுல நோய் வளருதான்னு வச்சுப் பாப்பாகளாம். ரெண்டு மூணு வாரம் ஆகும்னாக.

“முடி மொளச்சிருச்சே தாயி.”

“முடி மொளச்சா நோய் போயிருச்சுன்னு அர்த்தம் இல்லங்கய்யா. எல்லாரும் இந்த எடத்துலதான் மருந்த நிறுத்திருறாங்க. நீங்க நிறுத்தாதீங்க.”

நான் நிறுத்தல. எம்பொண்டாட்டிதான், “அந்தப் புள்ளைக்கு வேற வேலை இல்ல”ன்னா. அவ ஏழாம் மாசத்துக்கு ஆயத்தமாயிட்டா. அதிரசத்துக்கு மாவு இடிச்சா. ரூமுக்கு வெள்ளை அடிச்சோம். மக கல்யாணத்துக்கு முந்தி உடுத்துன ரெண்டு பழைய தாவணிய வெந்நியில போட்டு அலசி, பொறக்கப் போற புள்ளைக்குத் துணியாக் கிழிச்சு மடிச்சு வச்சா.

பலகாரம் கொண்டு போக நாலு நாள் இருக்கையில பிரஷ் முடிவு வந்துருச்சுன்னு சேதி. கம்பெனியில அரைநா சொல்லிட்டு நான் மட்டும் போனேன். டாக்டரம்மா தாளப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. சொல்றதுக்கு முந்தியே எனக்கு வெளங்கிருச்சு.

“இன்னும் இருக்குங்கய்யா. கொஞ்சமாத்தான். ஆனா இருக்கு. தொடர்ந்து ரெண்டு தடவ இல்லன்னு வரணும். இன்னும் மூணு மாசத்துக்கு மேலயும் ஆகலாம்.”

திரும்பி வரும்போது பஸ்ஸு கூட்டமா இருந்துச்சு. கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னேன். சம்பந்தியம்மா சோதிக்க மாட்டேன்னுட்டாக. பூனை காதுல முடி இருக்கு. எம்பொண்டாட்டி கை சுத்தம். தாள்ல இருக்கிறது இங்கிலீசு, வளவுல யாருக்கும் வாசிக்கத் தெரியாது. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வீட்டுக்குள்ள புள்ளைய கவனமா வச்சுக்கலாம், பூனைய அடுப்படிப் பக்கம் கட்டிப் போடலாம், ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு மனசு. திருத்தங்கல் தாண்டுற வரைக்கும் அந்த மனசுதான் ஜெயிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்ப எனக்கு முன்னால சீட்டுல ஒரு பொம்பள கைப்புள்ளையத் தோள்ல போட்டிருந்தா. அந்தப் புள்ள மண்டை எனக்கு நேரா இருந்துச்சு. ஒரு முடி இல்ல, உச்சியில தோல் மட்டும் துடிக்குது. கண்ண எடுக்க முடியல எனக்கு. எறங்குற எடத்தத் தாண்டிப் போயித்தான் எறங்குனேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். எம்பொண்டாட்டி பாகு கிண்டிக்கிட்டு இருந்தா. கரண்டி நின்னுருச்சு.

“நீங்க சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்ல.”

“உங்களுக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? எனக்கு எம்புள்ள வேணும்.” அப்பிடிச் சொல்லிட்டு மூஞ்சிய மூடிக்கிட்டா. பாகு முறுகிப்போச்சு. நான்தான் சட்டிய எறக்கி வச்சேன்.

கடைக்குப் போயி சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். சொன்னேன். அவுக முழுசாக் கேட்டாக. பெறகு, “நீங்க இல்லன்னு சொல்லியிருந்தா நான் நம்பி அனுப்பியிருப்பேன்”ன்னாக. “புள்ள இங்கனயே இருக்கட்டும். மதினிய பிரசவத்துக்கு இங்க வந்து இருக்கச் சொல்லுங்க. எம்புட்டு நாளு வேணும்னாலும் இருக்கட்டும். என் மகளாட்டம் பாத்துக்கிடுவேன்.” அம்புட்டும் நல்ல வார்த்தைதான். ஒவ்வொண்ணும் எனக்கு ஒரு அடி. மககிட்டக் குடுத்தாக. மூச்சு மட்டும் கேக்குது. “அத்தா”ன்னா.

பலகாரத்தோட போயி, அவ தலையில கைய வச்சு துஆ கேட்டுட்டுத் திரும்பி வந்தோம். எட்டாம் மாசக் கடைசியில எம்பொண்டாட்டி பொட்டியக் கட்டிக்கிட்டு அங்க போயிட்டா. வீட்டுல நானும் பூனையும். சோத்தப் பொங்கி, கொழுப்புல மாத்திரைய வச்சு, தரையத் தொடச்சு, கம்பெனிக்குப் போயி வருவேன். வெள்ளையடிச்ச ரூம்ல கட்டில் போட்டாப்புல கெடந்துச்சு. அதுல நான் ஒரு நாளும் படுக்கல. பூனையையும் ஏற விடல.

பேத்தி பொறந்த சேதி ஒரு காலையில வந்துச்சு. கடைக்காரரு கம்பெனிக்கே ஆள் அனுப்பிட்டாரு. ஓடுனேன். எம்பொண்டாட்டி, “இந்தா கேளுங்க”ன்னு போனப் புள்ளை வாய்க்கிட்ட வச்சா. ஊடால என்னென்னமோ இரைச்சல், அதுக்குள்ள ஒரு பூனைக்குட்டி கத்துறாப்புல சின்னச் சத்தம். இத்துனூண்டு. “கேட்டுச்சா, கேட்டுச்சா?”ன்னு அவ கேக்குறா. “இன்னொருக்க வையி”ன்னேன். அதுக்குள்ள புள்ள அழுகைய நிறுத்திருச்சாம்.

டாக்டரம்மா சொன்ன மாதிரியே ரெண்டு பிரஷ்ஷுலயும் நோய் இல்லன்னு வந்துச்சு. ரெண்டாவது முடிவ வாங்குன அன்னிக்கு பேத்திக்கு இருபத்தாறு நாளு. நாப்பது முடிஞ்சு அனுப்பி வைங்கன்னு கேட்டேன். சரின்னாக. அதுக்குள்ள மாப்பிள்ளை லீவுல வந்துட்டாரு. விசா கையோட வந்துருச்சு. பச்சப்புள்ள பாஸ்போர்ட்டு, துணிமணி, சொந்தக்காரக வீடு. நாலு மாசம் நாலு நாளாச் சுருங்கிருச்சு.

இப்பவும் பூனை வளக்குறவுக யாராவது வந்து காதுல முடி கொட்டுதுன்னு கேட்டா, நான் ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்வேன். முடி மொளச்சதும் நிறுத்திராதீக. புதுப்பூனை வந்தா கொஞ்ச நாளு தனியா வச்சுப் பாத்துட்டுச் சேருங்க. தூங்குற துணிய வெயில்ல போடுங்க. கேட்டுட்டுப் போவாக. அன்னிக்கு நான் பொய் சொல்லியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதோன்னு ஒரு நெனப்பு இன்னும் வந்து போகும். ஆகியிருக்காதுதான் போல. ஆகியிருந்தா? மக இப்ப சவுதியிலதான் இருக்கா. வருவா, போவா. வந்தா வேற வீட்டுல, வேற மாதிரி. அந்த நாலு மாசம் எங்கயும் இல்ல.

அந்த நாலு நாளச் சொல்றேன். வாசல்ல எறங்குனதும் பூனை அவ காலச் சுத்திச் சுத்தி வந்துச்சு. அவ அதோட காதப் புரட்டிப் பாத்து, “எந்தக் காது அத்தா?”ன்னா. எடதுன்னேன். மூணாம் நாளு மத்தியானம், மாப்பிள்ளை பள்ளிவாசலுக்குப் போயிருந்தாரு, எம்பொண்டாட்டி அடுப்படியில இருந்தா. ரூம்ல கட்டில்ல எம்மக ஒருக்களிச்சுத் தூங்குறா. நெஞ்சோரம் பேத்தி. கல்யாணத்துக்கு முந்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து தூங்குவாளே, அதே மாதிரி வாய லேசாத் தெறந்துக்கிட்டு. கதவு பாதி சாத்தியிருந்துச்சு. நான் வெளிய, கதவு நெலையோட ஒரு ஓரமா தரையில உக்காந்தேன். பூனையும் வெளியவே, நெலையோட மறு ஓரமா வந்து உக்காந்துச்சு. உள்ள போகலாம், இனி ஒரு தடையும் இல்ல. அது போகல. நானும் போகல. போனா முழிச்சுக்கிடுவா, முழிச்சா மூட்டை கட்டணும்னு எந்திரிச்சிருவா. சாயந்தரம் அசர் பாங்கு சொல்ற வரைக்கும் அப்பிடியே உக்காந்திருந்தோம்.